சாக்கில் வந்த செவலி

ஐயப்பனுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். பிறவியிலேயே அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வான். அதில் ஒரு பெருமை வேறு. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரை நான்கு தடவை விளக்கினாலும் தொட மாட்டான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் ரசத்தை உறிஞ்சிவிட்டால் போதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவான். கருவாட்டுக் கடை இருக்கிற தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். சாமையும் ராகியும் விதைத்து, ஆட்டுப் புழுக்கையை அள்ளிக் கொட்டிப் பிழைக்கிற மலைக்காட்டில் இப்படி ஒரு துரை. தோளில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். வியர்வையைத் துடைப்பதற்கு என்று நினைத்தால் தப்பு. மூக்கைப் பொத்துவதற்கு.

வெள்ளிமலையில் அவன் ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் பெண்டாட்டி சிவரஞ்சனியும் கல்யாணமான புதிதில் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பதில்லை. அவனிடம் பேசுவதே இல்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வாள். அவன் காதில் விழுந்தால் விழட்டும்.

அது போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ஐந்து மாதம் வயிற்றில் தங்கியிருந்தது கலைந்துபோய், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவள் வீடு திரும்பிய நாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏற வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவளுக்கு ஒரு நாள் வழக்கத்தைத் தள்ளிவைத்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. ஐயப்பன் மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, "மொதல்ல போயி குளிச்சுட்டு வா" என்றான். ரத்த வாடை அவனுக்கு ஆகாதாம். மலைக்காற்று வீசுகிற அந்தி நேரத்தில் வெளிக்குழாயடியில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு அவளே ஊற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவன் மாட்டுக்கொட்டகை ஓரம் கட்டில் போட்டுப் படுத்தான். மாட்டு மூத்திரம் நாறவில்லையா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அந்த ஒரு மாதமும் சிவரஞ்சனியின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது செவலிதான்.

செவலி அவர்கள் வீட்டுப் பூனை. செம்பட்டை நிறம், வாலில் மட்டும் கோடு. தாய் செத்துப்போன குட்டியாக வந்தது. சிவரஞ்சனி நெத்திலிக் கருவாட்டைத் தன் வாயில் போட்டு மென்று, விழுதாக்கி, விரல் நுனியில் எடுத்து ஊட்டி வளர்த்தாள். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நன்றாக இருக்கிற நாளில் எலியைப் பிடித்துத் தின்னும். உடம்புக்கு முடியவில்லை என்றால் பாலைக் கூட மோந்து பார்க்காது, அவள் மென்று கொடுத்தால்தான் தின்னும். அதைப் பார்க்க நேர்ந்த அன்றைக்கெல்லாம் ஐயப்பனுக்குச் சோறு இறங்காது. உலகத்தில் உள்ள அத்தனை கண்றாவியிலும் அதுதான் பெரிய கண்றாவி என்பான்.

இப்போது நடந்ததற்கும் அந்த அருவருப்புதான் காரணம். பரணில் வைத்திருந்த விதைச் சாமை மூட்டையை எலி ஓட்டை போட்டுவிட்டது என்று, பெண்டாட்டிக்குத் தெரியாமல் மருந்து வாங்கி வைத்தான். எலி செத்தது. செத்த எலியின் வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிய வேண்டியதுதானே? துரைக்குக் கை கூசியது. தானாகக் காய்ந்து போகட்டும் என்று பரணிலேயே விட்டுவிட்டான். செவலி அதைத் தின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து மூக்கிலும் வாயிலும் ரத்தம் ஒழுக, அடுப்படியில் சுருண்டு விழுந்தது. சிவரஞ்சனி அதை மூங்கில் கூடையில் வைத்து ஜீப்பில் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினாள். பூனைக்கு ஆஸ்பத்திரியா என்று ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்ததாகக் கேள்வி.

எலி மருந்துதான் என்று சொல்லி டாக்டர் பூனையைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார். சிவரஞ்சனி வெறும் கூடையோடு ஊர் திரும்பினாள். பிழைத்துக்கொண்டது, வந்து கூட்டிப் போகலாம் என்று போன் வந்த அன்று, தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வாசல்படி ஓரம் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மருந்து வச்சவரு கையாலயே அது வூடு வந்து சேரணும். வந்துச்சின்னா நான் இங்க இருப்பேன். வரலன்னா சேராப்பட்டு ஜீப்புல ஏறி எங்கம்மா வூட்டுக்குப் போயிக்கினே இருப்பேன். அப்புறம் யாரும் வந்து கூப்பிட வோணாம்."

சேராப்பட்டுக்காரிகள் சொன்னால் செய்வார்கள். நெத்திலிக் கருவாடு வாங்கி வரவேண்டும் என்பதையும் சுவரிடமே சொல்லி முடித்தாள்.

இப்படியாக ஐயப்பன் கள்ளக்குறிச்சி வந்து, மாட்டு டாக்டரின் பின்கட்டில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். கையில் ஒரு யூரியா சாக்கு. அவள் கூடையை வாசலிலேயே எடுத்து வைத்திருந்தாள். அதில் காய்ந்த ரத்தமும் பூனை மயிரும் ஒட்டியிருந்ததால் அவன் தொடவில்லை. பின்கட்டில் ஒரு கூண்டில் நாய் கழிந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் சீழ் வடியும் காதோடு ஓர் ஆட்டுக்குட்டி. பினாயில் வாடையும் மூத்திர வாடையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. மூலைக் கூண்டில் செவலி. முன்னங்காலில் மயிரை மழித்து ஊசிக்காகக் கட்டுப் போட்டிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது, வாலடி நனைந்து ஒட்டிக் கிடந்தது. ஐயப்பனைப் பார்த்ததும் கூண்டின் பின்பக்கம் போய் ஒடுங்கிக்கொண்டது.

மாத்திரைகளைக் கொடுத்து டாக்டர் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். தீருகிற வரை தினமும் ஒன்று. நடுவில் நிறுத்தினால் உள்ளுக்குள் மறுபடியும் ரத்தம் கசியும், அப்புறம் பிழைக்காது. இங்கே தீனி எதையும் தொடவில்லை, ஊசியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் என்ன தின்னும் என்று கேட்டார். ஐயப்பனுக்கு வாயில் வந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? என் பெண்டாட்டி மென்று கொடுப்பாள் என்று படித்த மனிதரிடம் சொல்ல முடியுமா? சோறுதான் தின்னும் என்றான். டாக்டர் அவனையும் சாக்கையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பூனையை அவரே எடுத்து உள்ளே விட்டார். சாக்கில் மூச்சு விட ஓட்டை போடச் சொன்னதும் அவர்தான்.

கருவாட்டுக் கடையில் ஐயப்பன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பாலிதீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டச் சொல்லி, மாத்திரையோடு மஞ்சப்பையின் அடியில் திணித்தான். அப்படியும் நாறியது. இல்லை, அவன் மூக்குக்கு நாறியது.

வெள்ளிமலை பஸ்ஸில் கடைசி சீட்டு. காலடியில் சாக்கு. கச்சிராயபாளையத்தில் ஒரு பெரியவர் ஏறி, வேறு இடமே இல்லாத மாதிரி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர் செல்லமுத்து என்று கேட்காமலே சொன்னார். மலைமேல் சம்பந்தி வீட்டுக்குப் போகிறாராம். வாய் நிறைய வெற்றிலை. ஜன்னல் வழியாக அவர் துப்பியதில் பாதி காற்றில் திரும்பி ஐயப்பனின் கன்னத்தில் தெறித்தது. ஐயப்பன் துண்டால் தேய்த்தான், தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தான். அந்த நேரம் பார்த்துச் சாக்கு நெளிந்தது.

"பூனையா தம்பி?" என்றார் செல்லமுத்து. "வுடறதுக்கா?"

நல்ல குரல் அவருக்கு. முன் சீட்டு வரைக்கும் கேட்டது. நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டித் தூர தேசத்தில் கொண்டுபோய் விடுவது அந்தப் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். அதில் யாருக்கும் அதிசயமில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால்தான் பஸ் முழுக்கச் சிரிக்கும். ஜீப்பில் சிவரஞ்சனியைப் பார்த்துச் சிரித்தார்களாமே, அது மாதிரி. ஐயப்பன் ஒரு நொடிதான் யோசித்தான்.

"ஆமா" என்றான்.

அந்த ஒரு சொல் போதும் செல்லமுத்துவுக்கு. பூனை விடுவதில் தனக்குள்ள அனுபவத்தையெல்லாம் எடுத்து விரித்தார். சும்மா கொண்டுபோய் அவிழ்த்து விட்டால் அது வீட்டை மோப்பம் பிடித்து உனக்கு முன்னால் அடுப்படியில் வந்து உட்கார்ந்திருக்கும். சாக்கோடு தலையைச் சுற்றி மூன்று தரம் சுழற்ற வேண்டும், திசை தப்பிவிடும், அப்புறம் இறக்கத்தில் விட வேண்டும். தன் கையால் எத்தனையோ பூனைகளை விட்டிருப்பதாகவும் ஒன்று கூடத் திரும்பவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அத்தனை திருப்தி. ஐயப்பனுக்கு அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் உம் கொட்டினான்.

கோமுகி அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஆளைத் தூக்கி எறிந்தது. மூன்று சீட்டு முன்னால் ஒரு பெண் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். அந்தப் புளித்த வாடை பின்னால் வந்தது. அது போதாதென்று சாக்குக்குள் செவலி கழிந்துவிட்டது. மருந்து தின்ற வயிறு, தண்ணியாகத்தான் போகும். யூரியா சாக்கின் இழை வழியாகக் கசிந்து, அவன் கால் விரல் இடுக்கில் சூடாக இறங்கியது. வேட்டிக் கரையை நனைத்தது. பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. கண்டக்டர் வந்து, "இன்னாய்யா இது, பஸ்ஸா கக்கூஸா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த தடவை பூனை வாயைத் திறந்தால் சாக்கோடு இறக்கிவிடுவதாகச் சொன்னார். பூனை திறந்தது வாயை அல்ல என்று சொல்லிப் பார்க்கலாம். ஐயப்பன் வாயே திறக்கவில்லை. திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

பாதி மலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றிருந்தது. பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஐயப்பன் சாக்கை ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, மஞ்சப்பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, சற்று மேலே பாறையில் ஒழுகிக்கொண்டிருந்த ஊற்றுக்கு ஓடினான். காலைக் கழுவினான், வேட்டியைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், மறுபடியும் காலைக் கழுவினான். உடம்பில் இருந்தது போன பிறகும் கழுவினான். செவலி அந்த ஈரத்திலேயே கிடக்கிறதே, சாக்கை ஒரு தரம் அலசுவோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் புத்தி அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் செல்லமுத்து நின்றிருந்தார். கையில் சாக்கு. நாலாக மடித்திருந்தார்.

"வேல முடிஞ்சிது தம்பி" என்றார். "ஊரு வரைக்கும் ஏன் நாத்தத்தைத் தூக்கிக்கினு போவணும்? அதான் மூணு சுத்து சுத்தி அந்தப் பள்ளத்துல வுட்டுட்டேன். இனி ஜென்மத்துக்கும் வராது."

தனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து நின்றார் அந்த மனிதர். வெற்றிலைச் சாறு கடைவாயில் ஒழுகியது. ஐயப்பனுக்கு அவர் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. என்ன சொல்லிப் பிடிப்பது? ஆமா என்று சொன்ன வாய் யாருடைய வாய்? சாக்கை வாங்கிக்கொண்டான். ஈரம் கையில் பிசுபிசுத்தது.

லாரி எப்படியோ திரும்பியது. கண்டக்டர் விசிலை ஊதினார். கூட்டத்தோடு ஐயப்பனும் போய்ப் படியில் ஒரு கால் வைத்துவிட்டான். ஏறிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே செத்துவிட்டது என்று சொன்னால் போயிற்று. டாக்டரா வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்? நல்ல பொய், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டதும் அவள் என்ன செய்வாள் என்பதும் தெரியும். அழ மாட்டாள். சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பையை எடுப்பாள். அப்புறம் சுவரோடு பேசுவதற்குக் கூட அந்த வீட்டில் ஆள் இருக்காது. தோளில் மஞ்சப்பை கனத்தது. மாத்திரை அதில்தான் இருந்தது. இன்றைக்குள் ஒன்று உள்ளே போகவில்லை என்றால் அந்தப் பூனை இன்னொரு தரம் ரத்தம் கக்கும், இந்தத் தடவை காட்டில், தனியாக.

படியில் இருந்து காலை எடுத்தான். என்னய்யா என்று கண்டக்டர் கேட்டதற்கு, "அது எங்க வூட்டுப் பூனைங்க. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிக்கினு போறேன்" என்றான். பஸ்ஸில் சிரித்தார்களோ என்னவோ, அவன் காதில் விழவில்லை. செல்லமுத்து மட்டும் ஜன்னலில் இருந்து, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்று திட்டிக்கொண்டே போனார். அந்த மனிதர் அன்றைக்குப் பேசியதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

பள்ளம் என்று அவர் காட்டியது மலைப்பாதையில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் கழித்துக் கட்டுகிற இடம். பிரியாணிப் பொட்டலம், சாராய பாட்டில், பிள்ளைகளின் மூத்திரத் துணி, எலும்பு, ஈ. சொல்லக் கூசுகிற மற்றதும் கிடந்தது, புதிதாகவும் பழையதாகவும். ஐயப்பன் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான். பார்த்து வைத்தும் மிதித்தான். செவலி, செவலி என்று கூப்பிட்டான். சத்தமே இல்லை. இருக்குமா? அவன் வாயால் அந்தப் பெயரை அது கேட்டதே கிடையாது. அவன் குரல் கேட்டால் சூ என்று துரத்தப்போகிறான் என்றுதான் அதற்குத் தெரியும். கூப்பிடக் கூப்பிட அது தூரப் போய்க்கொண்டிருக்கும் என்பது அவனுக்கே புரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

வாயை மூடியதும் ஒரு முனகல் கேட்டது. சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்காகப் பதித்திருந்த சிமெண்டுக் குழாய். குனிந்து பார்த்தான். குழாயின் நடுவில் இரண்டு கண்கள். கையை விட்டால் எட்டாது. சேறும் சருகும் அழுகி மணிக்கட்டு ஆழத்துக்கு நின்றது, சேறோடு வேறென்னவெல்லாமோ. வாடை முகத்தில் அறைந்தது. எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் படுத்து நகர வேண்டும்.

படுத்தான். நெஞ்சு வரை உள்ளே போனான். செவலி சீறியது, இன்னும் பின்னால் நகர்ந்தது. கருவாட்டுப் பையைப் பல்லால் கடித்துப் பிய்த்து, ஒரு நெத்திலியை எடுத்து நீட்டினான். அது மோந்து பார்த்தது. திரும்பிக்கொண்டது. இன்னொன்றை நீட்டினான். அதையும் தொடவில்லை. உடம்புக்கு முடியாதபோது அது எப்படித் தின்னும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு நெத்திலியை நீட்டிப் பார்த்தான், தெரியாத மாதிரி.

பிறகு ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

உப்பு நாக்கைச் சுட்டது. முதல் கடியில் வயிறு மேலே வந்து தொண்டையில் முட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முள், செதில், தலை, அதன் கண், எல்லாம் பல்லுக்கு இடையில் நொறுநொறுத்தது. துப்பிவிடத்தான் வாய் துடித்தது. துப்பவில்லை. மாடு அசை போடுகிற மாதிரி மென்றான். விழுதானதும் உள்ளங்கையில் உமிழ்ந்தான். அதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு, சேற்றுக்கு மேலே கையை நீட்டினான். வெகு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளங்கையில் சொரசொரவென்று ஒரு நாக்கு பட்டது.

நக்கி முடித்துவிட்டு அது மறுபடியும் முனகியது. இன்னும் வேண்டுமாம். அவன் இன்னொன்றை மென்றான். இந்தத் தடவை மாத்திரையையும் விழுதுக்குள் வைத்துப் பிசைந்தான். ஒவ்வொன்றாக மென்று கொடுத்து, கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே வந்தான். பூனையும் கூடவே வந்தது. தாடைக்குக் கீழே வந்ததும் தோளிலிருந்த துண்டை உருவிச் சுற்றி அணைத்துக்கொண்டான். அது மறுபடியும் அவன் மார்பில் கழிந்தது. அதன் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துத் திட்டினான். ஆனால் கையைத் தளர்த்தவில்லை.

அப்புறம் வந்த ஒரு ஜீப்பில் அவனை உள்ளே ஏற்றவில்லை. பின்னால் தொங்கிக்கொண்டு வருவதானால் வா என்றார்கள். மலை ஏறுகிற வரைக்கும் ஒற்றைக் கையில் கம்பி, ஒற்றைக் கையில் பூனை. ஜீப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். ஏதோ செத்ததைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஐயப்பன் தலையைத் திருப்பிக்கொண்டான். எத்தனை பேரை அவன் இப்படிப் பார்த்திருப்பான். ஆண்டவா, எத்தனை அசிங்கமான பார்வை அது.

வீடு வந்தபோது அந்தி. சிவரஞ்சனி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பை. அவனுக்கு முன்னால் அவன் நாற்றம் போய்ச் சேர்ந்தது. அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். யாரைப் பார்த்தும் அவள் அப்படிச் செய்து அவன் கண்டதில்லை. துண்டு மூட்டையோடு பூனையை வாங்கிக்கொண்டாள். உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு பூனையிடம் சொன்னாள்:

"செவலி, அவர மொதல்ல போயி குளிச்சுட்டு வரச் சொல்லு."

அந்த வார்த்தை அவனுடைய வார்த்தை. அவனுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஐயப்பன் குழாயடிக்குப் போனான். வாளியில் தண்ணீர் சில்லென்று நின்றது. சொம்பை எடுத்து மொண்டான்.

"யாரு மென்னு குடுத்தது?"

திரும்பிப் பார்த்தான். சிவரஞ்சனி செவலியின் வாயை மோந்துகொண்டிருந்தாள். அதன் தாடையில் கருவாட்டு விழுது காய்ந்திருந்தது. கேட்டது சுவரிடம் அல்ல, பூனையிடமும் அல்ல. அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தான்" என்றான்.

"நீயா?"

"வேற யாரு இருக்காங்க அங்க?"

அவள் பார்வை அவன் வாய்க்கு இறங்கியது. உதட்டோரம் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அவளுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா, குமட்டலா, அழுகையா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

"பச்சத் தண்ணிய ஊத்திக்காத மாமா" என்றாள். "ஜில்லுன்னு இருக்கும். இரு, வெந்நி போட்டுக் கொண்ணாறேன்."

ஒரு கையில் பூனை, இன்னொரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

ஐயப்பன் சொம்போடு அப்படியே நின்றான். அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் தனக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பானைத் தண்ணீரைச் சுடவைத்து வெளியே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவள் இதே இடத்தில் உட்கார்ந்து, இதே சொம்பால் ஊற்றிக்கொண்டாள், நடுங்க நடுங்க. உள்ளே காப்பி நன்றாக இருந்தது.

சே என்று வாய்விட்டுச் சொன்னான். முகத்தை மூடிக்கொள்ளத் தோளில் துண்டைத் தேடினான். அது பூனையோடு உள்ளே போயிருந்தது.